பத்துப் பேர் சீட்டும் பார்சிலோனா வரியும்

லாட்டரிச் சீட்டு வாங்குவது எங்கள் செக்கிங் டேபிளில் ஒரு காரியமே இல்லை. அதன் பின்பக்கம் யார் பெயரை எழுதுவது என்பதில்தான் வாராவாரம் ஓரியாட்டம் நடக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் நாங்கள் பத்துப் பெண்கள் ஒரே டேபிளில் நின்று வேலை செய்தோம். தைத்து வரும் பனியனை விரித்துப் போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்து, பழுதான இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு, பஸ் ஸ்டாப் கடையில் ஒரு பத்து ரூபாய்ச் சீட்டு வாங்குவோம். யார் போட்டுவிட்டார்கள், யார் பாக்கி என்பதைப் பேக்கிங் பெட்டியில் கிழித்த ஒரு அட்டையில் தேதி போட்டு நான் குறித்துவைப்பேன். அந்த டேபிளில் பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

சீட்டின் பின்னால் பெயர், விலாசம், கையெழுத்து என்று மூன்று கோடு போட்டிருக்கும். பரிசு விழுந்தால், வாங்கப் போகிறவர் அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும். விழுந்த பிறகு நிரப்பினால் போதும் என்று உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் மட்டும் விழுவதற்கு முன்னாலேயே நிரப்பிவிடுவோம். அதுவும் கைராசிக்காரராகப் பார்த்து அவர் கையாலேயே எழுத வைப்போம். அந்த வாரம் யாருக்கு நல்லது நடந்ததோ அவர் கை. ஒரு வாரம் இரட்டைப் பிள்ளை பெற்ற ஓவர்லாக் டைலர், ஒரு வாரம் போர் போட்டு முதல் குழியிலேயே தண்ணீர் கண்ட பால்காரர். கையெழுத்துப் போடுகிறவர் காசு போட வேண்டியதில்லை. பரிசில் அவருக்குப் பங்கும் கிடையாது. கையை மட்டும் கொடுத்தால் போதும். இந்தக் கூத்தை நான் ஒரு நாளும் தப்பு என்று நினைத்ததில்லை. படித்த கழுதை நானே முன்னால் நின்று நடத்தினேன்.

அந்த வருஷம் சித்திரையில் என் அண்ணன் ஒரு மாத லீவில் வந்திருந்தார். கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சரக்கு வாங்க வந்த ஸ்பெயின் தேசத்து பயர் ஒருவருக்கு அவர் வேலை பிடித்துப்போய், பார்சிலோனாவில் தன் குடோனில் சரக்குப் பார்க்க அழைத்துக்கொண்டு போய்விட்டார். போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. போகும்போது அவர் மகளுக்கு ஒரு வயது. திரும்பி வந்தபோது நாலு வயது. அப்பா என்றால் போனில் வரும் சத்தம் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருந்தது. ஆள் நேரில் வந்து நின்றதும் பயந்துபோய் அம்மாவின் முந்தானைக்குள் பூந்துகொண்டது. அந்த முப்பது நாளும் அண்ணன் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை, மகளை வசியம் பண்ணியதைத் தவிர. இருபத்தெட்டாம் நாள்தான் அது அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. முப்பதாம் நாள் அவர் கிளம்பிவிட்டார்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். என் நங்கையாவும் அதே டேபிளில்தான், எனக்கு எதிர்ப்புறம் நின்று பீஸ் பார்த்தார். அவரும் மகளும் எங்கள் ஊட்டோடு இருந்தார்கள். இருவரையும் எப்படியாவது அங்கே அழைத்துக்கொண்டுவிட வேண்டும், மகள் பள்ளிக்கூடத்தில் சேரும்போது அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அண்ணன் கனவு. அதற்கு அங்கே அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். தங்க வீடு இருக்கிறதா, சம்பளம் போதுமா, வரி பாக்கி இல்லாமல் கட்டியிருக்கிறாயா என்று ஒவ்வொன்றுக்கும் தாள் கேட்பார்களாம்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நங்கையாவைக் கூட்டிப்போக அண்ணன் கம்பெனி வாசலுக்கு வந்தார். அன்று சனிக்கிழமை. கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிற கையை விட வேறு நல்ல கை எங்கே கிடைக்கும்? சீட்டையும் பேனாவையும் நான்தான் அவர் கையில் திணித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிள் சீட்டின் மேல் வைத்துப் பெயர் எழுதி, எங்கள் வீட்டு விலாசம் எழுதி, கையெழுத்தும் போட்டார். மகள் கேரியரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

ரிசல்ட் வந்தபோது அவர் பார்சிலோனா போய்ச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. இரண்டாம் பரிசு, இரண்டு லட்சம். பேப்பரில் நம்பரை நான் நாலு தடவை படித்தேன், டேபிளில் இருந்த எல்லாரும் தனித்தனியாகப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் என்னை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். அடுத்த நாளே காதர்பேட்டையிலிருந்து ஒரு புரோக்கர் வந்துவிட்டார். கணக்கில் காட்ட முடியாத பணம் வைத்திருக்கும் யாரோ ஒருவருக்காகச் சீட்டை நல்ல விலைக்குக் கேட்டார். திருப்பிப் பார்த்தார். மசியில் பளிச்சென்று அண்ணன் கையெழுத்து. பேர் எழுதுன சீட்டு என்னத்துக்குங்க ஆகும் என்று சொல்லி, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். பிறகு சீட்டை பேங்கில் கொடுத்து, அண்ணன் தபாலில் அனுப்பிய அதிகாரக் கடிதத்தையும் கொடுத்து, மூன்று மாதம் அலைந்து பணத்தை வாங்கினோம். சீட்டு வேறு மாநிலத்துச் சீட்டு. வரியைப் பிடித்துக்கொண்டு மீதி ஒரு லட்சத்து இருபதாயிரம் அண்ணன் கணக்கில் விழுந்தது. பத்தால் வகுத்து ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். எங்களுக்கு அது ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. அண்ணனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கலாம் என்று பேசினோம், அதையும் மறந்துவிட்டோம்.

தீபாவளிக்குள் பணம் எல்லாம் தோடாகவும் ஓடாகவும் பழைய தையல் மிஷினாகவும் மாறிவிட்டது. நங்கையா மட்டும் தன் பங்கை அப்படியே வைத்திருந்தார், இரண்டு பேருக்கு விமான டிக்கெட் எடுக்க.

அடுத்த வருஷம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் போன் பண்ணினால் எடுக்க, காலையில் பதினோரு மணிக்கு நாங்கள் எல்லாரும் போய் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருப்போம். எப்போதும் முதலில் மகளிடம்தான் பேசுவார். அன்று என்னைக் கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை.

விஷயம் இதுதான். அங்கே வைகாசி, ஆனி மாதங்களில் எல்லாரும் போன வருஷத்து வருமானத்தைச் சொல்லி வரித்தாள் எழுத வேண்டும். அவர் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் ஓர் அம்மாள்தான் அவருக்கும் எழுதிக் கொடுப்பவர். மனுப் போடப் போகிற சந்தோஷத்தில் அண்ணன் அந்த அம்மாளிடம் ஊர்க் கதை பேசும்போது, தன் பெயரில் லாட்டரி விழுந்ததையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அதை எழுத வேண்டுமே, எங்கே எழுதினாய் என்று கேட்டாராம்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. சீட்டு வாங்கியது நெருப்பெரிச்சல் பஸ் ஸ்டாப்பில். காசு போட்டது செக்கிங் டேபிள். வரியும் இங்கேயே பிடித்தாகிவிட்டது. இதில் ஸ்பெயின் தேசம் எங்கே வந்தது? அண்ணன் பொறுமையாகச் சொன்னார். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் ஒருவர் அங்கே குடியிருந்தால், அவர் வரிக்கு அந்த ஊர்க்காரர். உலகத்தின் எந்த மூலையில் அவருக்கு ஒரு பைசா வந்தாலும் அங்கே சொல்லியாக வேண்டும். அந்த நாட்டுச் சர்க்கார் நடத்தும் லாட்டரியில் பரிசு விழுந்தால் வரியே கிடையாதாம். வெளிநாட்டுச் சீட்டில் விழுந்தால் உண்டாம்.

"அவுங்க சீட்டுக்கு வரி இல்ல, நம்ம சீட்டுக்கு மட்டும் வரிங்களா? இது என்ன ஞாயம்?" என்று நான் பூத்தே அதிரக் கத்தினேன்.

கத்தினேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் ஒரு மலைப்பு. அந்தப் பிற்பகல் முழுக்க அது என்னை விடவில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டில் கறி வேகிறது என்று அடுத்த தெருவுக்குத் தெரியாது. கடல்களுக்கு அப்பால் இருக்கிற ஒரு தேசம், தன் ஊரில் தலைசாய்க்கிற ஒருவனுக்காக, நெருப்பெரிச்சல் பஸ் ஸ்டாப்பில் தொங்குகிற ஒரு சீட்டு வரைக்கும் கை நீட்டுகிறதே. என்ன நீளமான கை அது. பயமாகவும் இருந்தது, ஏனோ மரியாதையாகவும் இருந்தது. நான் படித்த பொருளாதாரப் பாடத்தில் இப்படி ஒன்று உண்டென்று யாரும் சொல்லவில்லை.

இங்கே பிடித்த வரியை அங்கே கழித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. இரண்டு தேசங்களுக்கும் அப்போது புதிதாக ஒப்பந்தம் ஆகியிருந்ததாம். ஒரே காசை இரண்டு பேரும் முழுதாக வெட்டக் கூடாது என்று அதில் இருக்கிறதாம். அதையும் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். எங்கள் பத்து ரூபாய்ச் சீட்டுக்காக இரண்டு தேசத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எழுதிவைத்த மாதிரி இருந்தது. ஆனால் வரி பிடித்ததற்கு அத்தாட்சி வேண்டும். பேங்கில் கேட்டால், லாட்டரி ஆபீசில்தான் தருவார்கள் என்றார்கள். லாட்டரி ஆபீசுக்கு மூன்று ரிஜிஸ்டர் தபால் போட்டேன். பதில் இல்லை. (அந்த அத்தாட்சி ஒன்றரை வருஷம் கழித்துச் சாவகாசமாக வந்து சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கடலைதான் மடிக்க வேண்டும்.) ஆனி முடியும்போது அங்கே கெடு முடிகிறது. அத்தாட்சி இல்லாவிட்டால் பரிசு முழுவதையும் தன் வருமானமாகக் காட்டி அண்ணன் அங்கே மறுபடி வரி கட்ட வேண்டும். அவர் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் அதில் போய்விடும். மனுவுக்காகச் சேர்த்துவைத்த வீட்டு அட்வான்ஸ் அதுதான். கட்டாவிட்டால் பாக்கிக்காரர். பாக்கிக்காரருடைய பெண்டாட்டி பிள்ளைக்கு அனுமதி கிடைக்காது.

ஆக, என் நங்கையாவும் அந்தக் குழந்தையும் போவதும் போகாததும், நான் திணித்த ஒரு பேனாவில் வந்து நின்றது. நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு ஆடிட்டரிடம் நங்கையாவும் நானும் போனோம். அவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்பெயின்காரன் திருப்பூருக்கு வந்து சீட்டுக் கடையில் விசாரிக்கப் போகிறானா, கம்மென்று இருக்கச் சொல்லுங்கள் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், வெளியே வந்ததும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.  பஸ் ஏறி உட்கார்ந்ததும் நங்கையா சொன்னார்.

"பொய்யச் சொல்லிப்போட்டு அங்க போயிக் குடியிருக்க என்னால ஆகாதுங்க அம்மிணி. கதவு தட்டுற சத்தம் கேக்கறப்ப எல்லாம் அவுங்கதான் வந்துட்டாங்கன்னு நெனச்சு நடுங்கோணும். புள்ளைய வெச்சுட்டு அப்படிப் பொழைக்க முடியுமுங்களா?"

சரி, அப்படியானால் கட்டிவிட்டு இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்கப் போகிறீர்களா என்று எரிச்சலாகக் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அது அவரு காசே இல்லையே. அவரு காசுன்னு எதுக்குங்க சொல்லோணும்? நம்ம பத்துப் பேரு காசு. அதையே சொல்லலாமுங்க."

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாஸ்தவம்தானே. அவர் ஒரு பைசா போடவில்லை, ஒரு பைசா எடுக்கவில்லை. பரிசு விழுந்தது அங்கே குடியிருக்கிற ஒருவருக்கே இல்லை. இங்கே நெருப்பெரிச்சலில் குடியிருக்கிற பத்துப் பேருக்கு. இது ஆடிட்டருக்கும் தோன்றவில்லை, பிளஸ் டூ படித்த எனக்கும் தோன்றவில்லை. எட்டாவதோடு நின்ற என் நங்கையாவுக்குத் தோன்றியது. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிடவில்லை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் அந்தக் கணக்கு அம்மாளிடம் கேட்டுவிட்டுச் சொன்னார். நிரூபிக்க முடிந்தால் கேட்டுப் பார்க்கலாமாம். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்ப வேண்டும். சீட்டு விழுவதற்கு முன்னால் எழுதிய ஏதாவது இருந்தால் நல்லது என்றாராம். யார் காசு போட்டார்கள் என்று குறித்த அந்த வாரத்து அட்டையை நான் வீட்டில் அரிசி டின்னுக்கு மூடியாகப் போட்டிருந்தேன். தேதி போட்டுப் பத்துப் பெயரும் அதில் அப்படியே இருந்தன.

டீ டயத்தில் டேபிளில் விஷயத்தைச் சொன்னேன்.  எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார், எல்லாரும் பெரியக்கா என்போம். புருசன் வீட்டார் ஒரு காலத்தில் ஸ்டாம்ப் பேப்பரில் அவரிடம் கைநாட்டு வாங்கித்தான் அரை ஏக்கர் தோட்டத்தை எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் ரேஷன் கார்டைத் தவிர வேறு எதிலும் விரல் வைப்பதில்லை என்று பிள்ளையார் மேல் ஆணையிட்டிருந்தார். டேபிளில் அயர்ன் செக்ஷன் பக்க ஓரமாக நிற்கும் ஒருத்திக்கு வேறு கஷ்டம். பன்னிரண்டாயிரத்தைப் பற்றிப் புருசனிடம் மூச்சே விடவில்லை அவள். அவன் குடிகாரன். ஸ்டாம்ப் பேப்பரில் அவன் பெயரை எழுதி, அது வெளியே தெரிந்தால் தோல் உரிந்துவிடும். இன்னொருத்தி, நாளைக்கு நம்மூர் வரி ஆபீசர் வந்து நம்மைப் பிடித்துக்கொள்ள மாட்டாரா என்றாள். ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. அவரவர் பயம் அவரவருக்கு. 

பெரியக்காதான் கடைசியில் நங்கையாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங் கண்ணு, நாங்க கைநாட்டு வெச்சா நீயும் புள்ளையும் போயிருவீங்களா?"

"தெரியலீங்கக்கா. வெக்காட்டி போகமாட்டோம்."

"அப்ப வெக்கறேன். நெசத்துக்குத்தான வெக்கறோம்."

அவ்வளவுதான் பேச்சு. அயர்ன் பக்கத்துக்காரி, புருசன் பெயருக்குப் பதிலாக அப்பன் பெயரைப் போடச் சொன்னாள். எல்லாரும் ஒட்டுக்கா அரை ஷிப்ட் லீவு கேட்டோம். கோயிலுக்கு வேண்டுதல் என்று சூப்பர்வைசரிடம் புளுகினோம். உண்மையை எழுதிக் கொடுக்கப் போவதற்காக நாங்கள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கோர்ட்டுப் பக்கம் நோட்டரி வக்கீல் முன்னால் பத்துப் பேரும் வரிசையில் நின்றோம். இங்கிலீஷில் நானே டைப் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். சீட்டுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டது நாங்கள். கையெழுத்துப் போட்டவர் காசு போடவில்லை. அவர் கைராசி உள்ளவர் என்பதால் எழுத வைத்தோம். பணத்தைப் பத்தாகப் பிரித்து வாங்கிக்கொண்டோம். வக்கீல் கைராசி என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். இதையெல்லாம் ஒரு சர்க்காருக்கு எழுதுவார்களா, அடித்துவிடட்டுமா என்றார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். நடந்தது அதுதான், அதை அடித்தால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும் என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினார். பெரியக்கா விரலில் மை தடவும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தத் தாளையும் அட்டையையும் ரிஜிஸ்டர் தபாலில் போட்டோம். தபால் ஆபீஸ் தராசில் அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு மூலையில் அரிசி டின்னின் வட்டம் பதிந்திருந்தது.

ஆனி முடிந்தது, ஆடி போயிற்று. மகளை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். நங்கையா முன்போலவே பீஸ் பார்த்தார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆவணியில் ஒரு ஞாயிறு அண்ணன் கூப்பிட்டார். இந்தத் தடவை குரலிலேயே தெரிந்துவிட்டது. வரி ஆபீசில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். ஒரு பெண் அதிகாரி. எங்கள் தாளை ஸ்பானிஷில் மொழிபெயர்த்து முத்திரை வைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். நீ காசே போடவில்லை என்றால் உன் பெயரை எதற்கு எழுதினார்கள்? அண்ணனுக்குக் கைராசி என்பதை அந்தப் பாஷையில் சொல்லத் தெரியவில்லை. தாளில் என்னவென்று மொழிபெயர்த்திருந்தார்களோ, அது அவருக்கும் விளங்கவில்லை போல. அண்ணன் வலது கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். இந்தக் கைக்காக என்று.

அந்த அதிகாரி அம்மாள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாராம். அவர்கள் ஊரிலும் மார்கழிக் கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ் ஆபீசாகக் கூட்டுச் சேர்ந்து ஒரே சீட்டைப் பங்கு போட்டு வாங்குவார்களாம். யார் யார் பங்கு என்று ஒரு தாளில் பெயர் எழுதிவைப்பார்களாம். வாங்கிய சீட்டைக் கர்ப்பிணியின் வயிற்றில் தேய்த்தால் பரிசு விழும் என்பார்களாம். எங்கள் ஆபீசிலும் இதே மாதிரி ஒரு தாள் உண்டு என்று மேஜை டிராயரைக் காட்டிச் சொன்னாராம்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் என்னவோ பட்டிக்காட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டோம் என்று நான் மூன்று மாதமாகக் கூனிக் கிடந்தேன். அங்கே, அத்தனை நீளமான கை உள்ள அந்த தேசத்தில், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கும் எங்களைப் போலவே ஒரு தாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனுசர் எல்லா இடத்திலும் மனுசர்தான் போலிருக்கிறது என்று நினைத்து நினைத்து அன்று நான் தூங்கவில்லை.

புரட்டாசியில் அந்த ஆபீஸ் கடிதத்தின் நகல் வந்தது. பரிசில் அண்ணனுக்குப் பங்கு இல்லை, அதனால் அந்தப் பணத்துக்காக அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. இதுதான் சாரம் என்று அண்ணன் பக்கத்திலேயே தமிழில் எழுதியிருந்தார். கடிதத்தின் நடுவில் எங்கள் பத்துப் பேர் பெயரும் வரிசையாக டைப் அடித்திருந்தது. டீ டயத்தில் டேபிள் மேல் விரித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் காட்டினேன். பெரியக்கா தன் பெயர் எது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தார்.

மனு நகர்ந்தது. தையில் அனுமதியும் விசாவும் கிடைத்தன.

நங்கையாவுக்குக் கம்பெனியில் கடைசி நாள். எங்கள் கம்பெனியில் சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் எல்லாரும் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். பனியன் எதையும் எடுத்துப் போகிறோமா என்று வாட்ச்மேன் பையைத் திறந்து, டிபன் டப்பாவையும் திறந்து பார்ப்பார். சூப்பர்வைசர்களுக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் அது கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் நடந்ததுதான். அன்று வரைக்கும் எனக்கு அது உறைத்ததில்லை. அன்று உறைத்தது. அடுத்த வாரம் ஸ்பெயினுக்கு ஏறப்போகிறவர் பையைப் பிரித்துக்கொண்டு நிற்கிறார். நான் வாயைத் திறக்கப் போனேன். நங்கையா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

பெரியக்கா எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார். தன் பையை வாட்ச்மேனிடம் நீட்டாமல் அணைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க, நாங்க பத்துப் பேரு சொன்னத ஒரு தேசமே நம்பி எழுதிக் குடுத்துச்சுங்க. நீங்க இன்னைக்கு ஒரு நா தொறக்காம உட்டா என்னங்க?"

வாட்ச்மேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல மனுசர்தான். நான் என்னங்க பண்ணட்டும், ஆர்டர் அப்படி என்றார். பெரியக்கா பையைக் கொடுத்தார். அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். அதற்கப்புறம் நங்கையாவின் டப்பாவையும் திறந்து பார்த்தார். இரண்டும் காலியாகத்தான் இருந்தன. போகச் சொன்னார்.